கம்ஃபர்ட்டர் துவைத்தபின் வரும் தொல்லைகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்ய

மதுரை வெயிலுக்குக் கம்ஃபர்ட்டர், அதாவது உள்ளே பஞ்சு அடைத்துத் தைத்த தடித்த போர்வை, எதற்கு என்று யாராவது கேட்டால், அவர் வீட்டில் இன்னும் ஏசி வரவில்லை என்று புரிந்துகொள்ளலாம். ஏசியை 22-இல் வைத்துவிட்டுக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொள்வது இங்கே பல வீடுகளில் பழக்கமாகிவிட்டது. அதைத் துவைக்கும் பேச்சு வரும்போதுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம். அழகர் ஆற்றில் இறங்கி, மலைக்கும் திரும்பி, திருவிழாவுக்கு வந்த சொந்தபந்தங்கள் பஸ் ஏறிய மறுநாள் போர்வை, ஜமுக்காளம் எல்லாம் மொட்டை மாடிக்குப் போகும். சாயங்காலத்துக்குள் காய்ந்து இறங்கியும் விடும். கம்ஃபர்ட்டர் மட்டும் புதிதாக ஒரு நோயோடு இறங்கி வரும்: கட்டி தட்டியிருக்கும், வாடை அடிக்கும், அப்பளமாக விறைத்திருக்கும்.

அழுக்கால் கெட்டுப்போகிற கம்ஃபர்ட்டர் குறைவு. சோப்பு தங்கியும் ஈரம் தங்கியும் கெடுபவைதான் அதிகம். கீழே சொல்லியிருக்கும் தொல்லைகளில் முக்கால்வாசிக்கு வைத்தியம் ஒன்றுதான்: பவுடரைக் குறைக்க வேண்டும், அலசலைக் கூட்ட வேண்டும், காய்ந்துவிட்டது என்று தோன்றிய பிறகும் ஒரு வெயில் கூடுதலாகக் காட்ட வேண்டும். மற்றதெல்லாம் அந்தந்த நோய்க்கான சில்லறை விவரங்கள்.

முதலில், உள்ளே இருப்பது என்ன?

ஓரத் தையலில் ஒரு துணிச்சீட்டு தொங்கும். பாலியஸ்டர், மைக்ரோஃபைபர், ஹாலோஃபைபர் என்று எழுதியிருந்தால் வீட்டிலேயே தாராளமாகத் துவைக்கலாம். கடைகளில் சாதாரண விலையில் கிடைப்பவை பெரும்பாலும் இவைதான். தொட்டிப் படத்துக்குள் 30 அல்லது 40 என்று இருந்தால் தண்ணீரின் சூடு அதைத் தாண்டக்கூடாது. தொட்டியின் மேல் பெருக்கல் குறி போட்டிருந்தால் தண்ணீரே காட்டக்கூடாது. முக்கோணத்தின் மேல் பெருக்கல் குறி என்றால் பிளீச் ஆகாது.

சீட்டு கிழிந்து போயிருந்தால் கையே போதும். அழுத்திவிட்டு எடுத்ததும் எழும்பினால் பாலியஸ்டர். அமுங்கியே கிடந்து கனமாகவும் இருந்தால் பருத்திப் பஞ்சு. விரலால் நிமிண்டும்போது சின்னச் சின்னக் காம்பு குத்தினால் இறகு. இலவம்பஞ்சும் பட்டும் தனிக் கதை. அவற்றைக் கடைசியில் பார்ப்போம்.

பையின் மேல் 120, 200, 300 என்று ஜிஎஸ்எம் கணக்கு போட்டிருப்பார்கள். ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் பஞ்சு என்பதுதான் அது. 90க்கு 100 அங்குல டபுள் சைஸ் என்றால் கிட்டத்தட்ட 5.8 சதுர மீட்டர். 200 ஜிஎஸ்எம் என்றால் பஞ்சு மட்டும் கிட்டத்தட்ட 1.2 கிலோ, மேல்துணியும் சேர்ந்தால் இரண்டு கிலோவைத் தாண்டும். கேட்கக் குறைவாகத்தான் இருக்கிறது. "8 கிலோ மிஷினுக்கு இதெல்லாம் ஒரு பாரமா?" என்று நினைத்துப் போடுகிற இடத்தில்தான் முதல் தொல்லை ஆரம்பிக்கும்.

மிஷின் தடதடவென்று ஆடுகிறது, அல்லது பிழியும்போது நின்றுவிடுகிறது

மிஷினுக்குப் பிரச்சினை எடை இல்லை, பருமன். கம்ஃபர்ட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு டிரம்மின் ஒரே பக்கம் போய்ச் சரியும். எதிர்ப்பக்கம் காலியாக இருக்கும். வேகமாகச் சுற்றினால் உடைந்துவிடும் என்று மிஷினே நிறுத்திக்கொள்கிறது. எல்ஜி மிஷின்களில் 'யூ.ஈ.' என்று எழுத்து வருவது இதற்குத்தான். ரிப்பேருக்கு ஆள் கூப்பிட வேண்டியதில்லை. நிறுத்தி, கதவைத் திறந்து, கம்ஃபர்ட்டரைப் பிரித்து வட்டமாகப் பரப்பி, காலியான பக்கத்தில் இரண்டு துண்டுகளைத் திணித்து மறுபடி ஓட விடுங்கள். பிழியும் வேகத்தை 600 அல்லது 800-க்கு மேல் வைக்காதீர்கள்.

அடிக்கடி இப்படி நின்றால் மிஷின் சின்னது என்று அர்த்தம். சோதிக்க ஒரு எளிய வழி: உலர்ந்த கம்ஃபர்ட்டரை டிரம்முக்குள் திணிக்காமல் வையுங்கள். மேலே ஒரு கை தாராளமாகப் போய்வர இடம் இருந்தால் சரி. முழங்காலை வைத்து அழுத்தித்தான் கதவை மூட முடிகிறது என்றால், அது துவையாது, நனைந்துவிட்டு வரும், அவ்வளவுதான். நடுவில் கம்பம் உள்ள டாப் லோடு மிஷினில் கம்ஃபர்ட்டர் கம்பத்தைச் சுற்றி முறுக்கிக்கொண்டு தையல் தெறிக்கும். செமி ஆட்டோமேட்டிக்கின் பிழியும் தொட்டியில் டபுள் சைஸை நுழைக்கிற முயற்சியே வேண்டாம்.

இன்னொன்று. கீழ்ப்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு உள்ள மெத்தை விரிப்பையும் சேர்த்துப் போட்டு ஒரே சுற்றில் முடிக்கப் பார்ப்பார்கள். தண்ணீர் புகாத துணி பிழியும்போது தண்ணீரைப் பை மாதிரி பிடித்துவைத்துக்கொள்ளும். வேகம் ஏறும் நேரத்தில் அது சட்டென்று இடம் மாறினால் மிஷினே நகர்ந்து போகும். அதைத் தனியாக, பிழியாமல் அலசி எடுங்கள்.

நடுவில் நனையவே இல்லை, ஓரம் மட்டும் துவைத்த மாதிரி இருக்கிறது

உள்ளே இருக்கும் காற்று வெளியேறாமல் அப்படியே மிதந்திருக்கிறது. பெரிய மிஷினிலும் இது நடக்கும். போடும் முன்பே தரையில் விரித்துச் சுருட்டிக் காற்றை வெளியேற்றிவிட்டு, சுருளாகவே உள்ளே வையுங்கள். தண்ணீர் ஏறியதும் நிறுத்தி, முடிந்தால் கையால் ஒருமுறை அமுக்கிவிடுங்கள்.

என்னைக் கேட்டால் பெரிய மிஷின் இல்லாத வீட்டுக்கு மிதித்துத் துவைப்பதே மேல். பெரிய பிளாஸ்டிக் டப் இருந்தால் அது, இல்லாவிட்டால் நன்றாகத் தேய்த்துக் கழுவிய பாத்ரூம் தரை. வெதுவெதுப்பான தண்ணீரில் திரவ சோப்பை முதலில் கரைத்துவிட்டுப் பிறகுதான் கம்ஃபர்ட்டரை இறக்க வேண்டும். சோப்புப் பவுடரை மேலே தூவினால் அது ஒரே இடத்தில் அப்பிக்கொள்ளும். டபுள் சைஸுக்கு இரண்டு மேசைக்கரண்டி திரவ சோப்பு தாராளம். நுரை குறைவாக இருக்கிறதே என்று மூடியைச் சாய்த்தால், அத்தனையையும் நீங்களே அலசி எடுக்க வேண்டியிருக்கும். ஒரு மணி நேரம் ஊறட்டும். அப்புறம் ஒரு ஓரத்தில் தொடங்கி மறு ஓரம் வரை மெதுவாக மிதித்துக்கொண்டே போக வேண்டும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இந்த வேலைக்குக் கூலி கேட்காமல் வருவார்கள். கல்லில் அடிப்பது, பிரஷ் போட்டுத் தேய்ப்பது, முறுக்கிப் பிழிவது மூன்றும் கூடாது. உள்தையல் அறுந்தால் பஞ்சு அத்தனையும் ஒரு மூலைக்கு ஓடிவிடும்.

தண்ணீரைத் திறந்துவிட்டு, அடியில் இருப்பது வெளியேறும்வரை மிதியுங்கள். தெளிந்த தண்ணீர் விட்டு மறுபடி மிதியுங்கள். மிதித்ததும் காலடியில் வெள்ளை நுரை கிளம்பாத வரைக்கும் அலசல் முடியவில்லை. மூன்று தண்ணீரில் முடியும் என்று எண்ணாமல் ஐந்தாறுக்குத் தயாராக இருங்கள். தொட்டியில் தண்ணீர் குறைவான நாளில் இந்த வேலையை ஆரம்பிக்கவே கூடாது.

கடைசியாக, ஈரத்தோடு ஒரு மூலையைப் பிடித்துத் தூக்காதீர்கள். சுருட்டி, சுருளின் மேல் ஏறி நின்று தண்ணீரை வடித்து, இரண்டு பேராக அடியில் கைகொடுத்துத் தூக்குங்கள்.

உள்ளே பஞ்சு கட்டி கட்டியாக இருக்கிறது

அதிகம் பேர் பயந்துபோய்க் குப்பைக்கு அனுப்புவது இதனால்தான். பெரும்பாலும் அனுப்பத் தேவையில்லை.

இது எந்த வகைக் கட்டி என்று முதலில் பாருங்கள். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் பஞ்சு எங்கே இருக்கிறது, எங்கே வெறும் துணி என்று தெரியும். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் பஞ்சு இருந்து, அது மட்டும் உருண்டிருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. மேல்துணி சீக்கிரம் காய்ந்து நம்மை ஏமாற்றிவிடும். மறுபடி வெயிலில் விரித்து, மணிக்கு ஒருமுறை திருப்பி, திருப்பும்போதெல்லாம் கட்டியை இரு கைகளாலும் பிய்த்துப் பிரித்துவிடுங்கள். காயக் காயக் கட்டி தானாக இளகும். முக்கால் பதம் காய்ந்ததும் இரண்டு பேர் எதிரெதிரே நின்று நான்கு மூலையையும் பிடித்து உதறினால் இன்னும் நல்லது. டிரையர் இருந்தால் குறைந்த சூட்டில், சுத்தமான இரண்டு மூன்று டென்னிஸ் பந்துகளையும் உள்ளே போட்டு ஓட்டலாம். பந்து குதித்துக் குதித்துக் கட்டியை உடைக்கும். சூட்டைக் கூட்டினால் பாலியஸ்டர் இழைகள் இளகி ஒட்டிக்கொள்ளும், அதற்குப் பிறகு எந்தப் பந்தும் பிரிக்காது.

பஞ்சு கட்டம் விட்டுக் கட்டம் போய் ஒரு பக்கமாகக் குவிந்திருந்தால் உள்தையல் அறுந்திருக்கிறது. எத்தனை காயவைத்தாலும் சரியாகாது. பஞ்சைக் கையால் தள்ளிப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, மேல்துணியோடு சேர்த்துக் கனமான நூலால் அங்கங்கே ஒரு முடிச்சு போட வேண்டும். ஒரு சாணுக்கு ஒரு முடிச்சு போதும். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் மேலே உறை போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

பருத்திப் பஞ்சு கட்டி தட்டினால் வீட்டில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. மெத்தை தைக்கும் கடையில் கொடுத்தால் பஞ்சைப் பிரித்து அடித்து மறுபடி தைத்துத் தருவார்கள்.

காய்ந்த பிறகும் ஒரு வாடை

எந்த நேரத்தில் வாடை வருகிறது என்று கவனியுங்கள். மடித்து வைத்து இரண்டு நாள் கழித்துப் பிரித்ததும் மக்கல் வாடை வந்தால் உள்ஈரம். போர்த்திப் படுத்து உடம்புச் சூடு ஏறியதும் புளிப்பாக ஒரு வாடை வந்தால் அலசாமல் தங்கிய சோப்பும் வியர்வையும். மிஷினிலிருந்து எடுக்கும்போதே சாக்கடை வாடை என்றால் குற்றம் கம்ஃபர்ட்டர் மேல் இல்லை. மிஷின் கதவின் ரப்பர் வளையத்தை விரலால் மடக்கிப் பாருங்கள், உள்ளே கறுப்பு வழவழப்பு இருக்கும். அதைத் துடைத்து, துணி எதுவும் போடாமல் வெந்நீரில் ஒரு சுற்று ஓட்டிவிட்டுத்தான் அடுத்த துவையல்.

உள்ஈரம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள: நல்ல வெயிலில், கம்ஃபர்ட்டரின் நடுப்பகுதியைக் கொத்தாகப் பிடித்து ஒரு கண்ணாடி பாலிதீன் பைக்குள் நுழைத்து வாயைக் கட்டி கால் மணி நேரம் விடுங்கள். பையின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் படிந்தால் இன்னும் காயவில்லை. கன்னத்தில் வைத்துப் பார்ப்பதும் ஒரு சோதனைதான். ஈரம் இருக்கும் இடம் மற்ற இடத்தைவிடச் சில்லென்று இருக்கும்.

காயவைக்கும் விதமும் முக்கியம். ஒற்றைக் கொடியில் போட்டால் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு நடுவில் காற்றே போகாது, தண்ணீரெல்லாம் கீழ் ஓரத்தில் வந்து தேங்கும். இரண்டு முழ இடைவெளியில் இரண்டு கொடிகள் கட்டி அதன் மேல் கூடாரம் மாதிரி விரியுங்கள். வீட்டில் பழைய கயிற்றுக் கட்டில் கிடந்தால் அதைவிடச் சிறந்த சாதனம் கிடையாது. கீழிருந்தும் காற்று ஏறும், பாரத்தையும் தாங்கும், தையலும் இழுபடாது. மொட்டை மாடித் தளத்தில் நேரடியாக விரிப்பது வேண்டாம். மேல்பக்கம் காயும், கீழ்ப்பக்கம் வேகும்.

சித்திரை, வைகாசி வெயிலில் காலை எட்டு மணிக்குப் போட்டால் 200 ஜிஎஸ்எம் பாலியஸ்டர் ஒரே பகலில் காய்ந்துவிடும். ஆனாலும் மூன்று மணிக்கு மேல் வானத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். கோடை மழை சொல்லிக்கொண்டு வராது. ஆனி, ஆடியில் காற்று நன்றாகக் காயவைக்கும், ஆனால் அம்மியையே பறக்கவைக்கிற காற்று புழுதியையும் கொண்டுவந்து ஈரத் துணியில் அப்பிவிடும். மேலே ஒரு பழைய வேட்டியைப் போர்த்தி, நான்கு பக்கமும் கிளிப் போட்டுவிட்டால் புழுதியும் படியாது, வெயிலில் சாயமும் வெளுக்காது. ஐப்பசி, கார்த்திகையில் துவைக்காதீர்கள். மதுரைக்கு ஐப்பசி அடைமழைக்காலம். கம்ஃபர்ட்டர் மூன்று நாள் ஈரமாகக் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். அந்த மாதங்களில் மேலுறையை மட்டும் துவைத்துப் போட்டுக்கொண்டு காலத்தை ஓட்டிவிடலாம். பொழுது சாய்ந்தும் காயாவிட்டால் பனியில் விடாமல் உள்ளே கொண்டுவந்து, நாற்காலிகளின் மேல் விரித்து ஃபேனைப் போட்டுவிட்டு, மறுநாள் மீண்டும் வெளியே.

வாடையோடு கறுப்புப் புள்ளிகளும் வந்துவிட்டால் பூஞ்சை. மேல்துணியில் மட்டும் என்றால் துவைத்து வெயிலில் காட்டிப் பார்க்கலாம். பஞ்சுவரை இறங்கியிருந்தால் மனதைத் தேற்றிக்கொண்டு தூக்கிப் போடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் அதை வைத்துப் பரிசோதனை வேண்டாம்.

ஒரு சின்னப் பழக்கம் இந்த வாடையைப் பாதியாகக் குறைக்கும். காலையில் எழுந்ததும் கம்ஃபர்ட்டரை மடிக்காதீர்கள். ராத்திரி வியர்வையின் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அரை மணி நேரம் விரித்தபடி விட்டு, ஜன்னலைத் திறந்துவிட்டு, பல் துலக்கி காபி குடித்த பிறகு மடியுங்கள். வீட்டுப் பெரியவர்கள் எழுந்ததும் படுக்கையைச் சுருட்டச் சொல்வார்கள். பாய்க்கு அது சரி, இதற்கு ஆகாது.

விறைப்பாக இருக்கிறது, வெள்ளைக் கோடு தெரிகிறது, மேலே பட்டால் அரிக்கிறது

போர் தண்ணீர். மதுரையைச் சுற்றிப் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாகவும் கடினமாகவும் இருக்கும். குழாய் வாயிலும் பக்கெட் ஓரத்திலும் வெள்ளை படிவதைப் பார்த்தாலே தெரியும். இந்தியத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாவிட்டால் 600 வரை என்கிறது. அதில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காகி இழைகளில் படிந்துவிடும். நுரை வராததால் நாம் இன்னும் பவுடர் போடுவோம், அது இன்னும் படியும்.

சரிசெய்ய: சோப்பே இல்லாமல் வெதுவெதுப்பான தண்ணீரில் மறுபடி ஒருமுறை ஊறவைத்து மிதியுங்கள். எவ்வளவு நுரை வருகிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும், எல்லாம் பழைய சோப்பு. கடைசிக்கு முந்தைய அலசலில் ஒரு பக்கெட் தண்ணீருக்கு அரை கப் வெள்ளை வினிகர் விட்டு, பிறகு நல்ல தண்ணீரில் அலசுங்கள். வினிகர் வாடை காய்ந்ததும் போய்விடும். ஆனால் வினிகரையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகச் சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பி மூச்சைத் திணறடிக்கும், மூடிய பாத்ரூமில் அது விளையாட்டு இல்லை.

மாநகராட்சித் தண்ணீர் வருகிற நாளாகப் பார்த்துத் துவைத்தால் பாதித் தொல்லை குறையும். முழுக்க அந்தத் தண்ணீருக்கு வழியில்லையென்றால் கடைசி அலசலுக்காவது இரண்டு குடம் ஒதுக்குங்கள். துணியை மிருதுவாக்கும் கண்டிஷனர் பளபளப்பாக வழவழப்பாகச் செய்கிறதே என்பார்கள். அது இழைகளின் மேல் இன்னொரு பூச்சைப் பூசுகிறது, அவ்வளவுதான். இறகு உள்ளதற்கு அது அறவே ஆகாது.

கறைகள்

கழுத்துப் பக்கம் பழுப்பேறியிருந்தால் அது தலைக்குத் தேய்த்த தேங்காய் எண்ணெய். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். 22-இல் ஓடுகிற ஏசி அறையில் அது துணிக்குள் கெட்டியாகவே உட்கார்ந்திருக்கும், பச்சைத் தண்ணீரில் கரையாது. பாத்திரம் கழுவும் திரவத்தைச் சில சொட்டு விட்டு, விரலால் நீவி, கால் மணி நேரம் கழித்து வெதுவெதுப்பான நீரில் அந்த இடத்தை மட்டும் அலசுங்கள். கழுத்துப் பக்க ஓரத்தில் ஒரு துண்டை மடித்து ஊசி நூலால் பிடித்துவைத்தால் அடுத்த முறை துண்டை மட்டும் அவிழ்த்துத் துவைத்தால் போதும்.

மஞ்சள் கறை, குழம்புக் கறை சோப்பு பட்டதும் சிவப்பாக மாறினால் பதறாதீர்கள். மஞ்சளில் இருக்கும் குர்குமின் காரம் பட்டால் சிவக்கும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்வதே இந்தக் குணத்தை வைத்துத்தான். சோப்பை நன்றாக அலசியதும் மறுபடி மஞ்சளாகும். அப்படியே ஈரத்தோடு நேர் வெயிலில் காட்டுங்கள். குர்குமினுக்கு வெயில் ஆகாது, இரண்டு மூன்று வெயிலில் வெளுத்துவிடும். இந்த ஒரு கறைக்கு மட்டும் வேட்டி போர்த்த வேண்டாம்.

ரத்தக் கறைக்கு வெந்நீர் கூடாது, சூடு பட்டால் புரதம் உறைந்து இழையோடு ஒட்டிவிடும். பச்சைத் தண்ணீர்தான். பழைய கறை என்றால், வெள்ளைத் துணிக்கு மட்டும், மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைத் தொட்டு வைக்கலாம்.

குழந்தை நனைத்துவிட்டால் முழுதாக நனைக்க ஓடாதீர்கள். அந்த இடத்துப் பஞ்சை ஒரு பக்கமாகத் தள்ளி, மேல்துணியை ரப்பர் பேண்டால் கட்டி, கட்டிய பகுதியை மட்டும் அலசலாம். பஞ்சுவரை இறங்கியிருந்தால் ஒரு பங்கு வினிகர், நான்கு பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, துண்டால் ஒற்றி எடுத்து, காய்ந்ததும் ஆப்பசோடாவைத் தூவி சில மணி நேரம் கழித்துத் தட்டிவிடுங்கள்.

மேலுறையின் சாயம் கம்ஃபர்ட்டரில் இறங்கிவிட்டது

வெள்ளைக் கம்ஃபர்ட்டரின் மேல் புதுச் சுங்குடித் துணியில் உறை தைத்துப் போடுவது பார்க்க அவ்வளவு அழகு. முதல் இரண்டு மூன்று தண்ணீருக்குச் சிவப்பும் நீலமும் கொஞ்சம் விடத்தான் செய்யும். உறையைத் தனியாகச் சில முறை அலசி, வெள்ளைத் துணியை ஈரமாக அதன் மேல் அழுத்திப் பார்த்து, சாயம் ஒட்டாத பிறகே போடுங்கள். கல் உப்பில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பதை நம்பி வெள்ளையோடு சேர்த்துப் போட்டுவிடாதீர்கள்.

இறங்கிவிட்டால் காயவிடாதீர்கள். ஈரத்தோடு இருக்கும்போதே மறுபடி துவைத்தால் பெரும்பாலும் போய்விடும். வெள்ளைப் பாலியஸ்டர் என்றால் குளோரின் இல்லாத ஆக்சிஜன் பிளீச்சில் ஊறவைக்கலாம்.

நாரோ இறகோ வெளியே வருகிறது

தையல் ஓரத்தில் வந்தால் தையல் போடுங்கள். துணியின் நடுவிலிருந்து இறகு வந்தால் வெளியே இழுக்காமல் பின்பக்கமிருந்து பிடித்து உள்ளே இழுங்கள். வெளியே இழுத்தால் துளை பெரிதாகி அடுத்த இறகுக்கும் வழி கிடைக்கும். இறகு வகைக்கு என்சைம் உள்ள சோப்பு வேண்டாம். ரத்தக் கறையின் புரதத்தைத் தின்கிற அதே என்சைம் இறகையும் தின்னும், இறகும் புரதம்தான்.

படுத்ததும் தும்மல், காலையில் உடம்பில் தடிப்பு

இரண்டும் வேறு வேறு. தும்மலும் மூக்கடைப்பும் என்றால் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சியின் வேலையாக இருக்கலாம். அவை சாக 60 டிகிரி வெந்நீர் வேண்டும். கம்ஃபர்ட்டரின் சீட்டு அதற்கு அனுமதிக்காது. அதனால்தான் பருத்தி மேலுறை போட வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். உறையை வாரம் ஒருமுறை 60-இல் துவைக்கலாம். உள்ளே இருப்பதை வருடத்துக்கு இரண்டு மூன்று முறை துவைத்தாலே போதும், ஈரமில்லாமல் வெயில் காட்டிவந்தால் இந்தப் பூச்சி பெருகாது.

வரிசையாகத் தடிப்பு, தையல் மடிப்பில் மிளகுத்தூள் அளவு கறுப்புப் புள்ளி என்றால் மூட்டைப்பூச்சி. விருந்தாளிகளின் பெட்டியோடு வந்து இறங்கியிருக்கும், யாருடைய பெட்டி என்று விசாரணை கமிஷன் வைக்க வேண்டாம். அதைக் கொல்ல 48 டிகிரி சூட்டில் ஒன்றரை மணி நேரம் முழுப் பஞ்சும் இருக்க வேண்டும். மொட்டை மாடி வெயிலில் விரித்தால் மேலே சூடேறும்போது பூச்சி நிழலான அடிப்பக்கம் நகர்ந்துவிடும். சூடான டிரையர் வைத்திருக்கும் சலவைக்கடையில், சீட்டு அனுமதித்தால், கொடுத்துச் சூடேற்றி வாங்குவது நிச்சயமான வழி. கட்டிலையும் மெத்தையையும் விட்டுவிட்டு கம்ஃபர்ட்டரை மட்டும் கவனித்தால் பயனில்லை.

தண்ணீர் காட்டக்கூடாதவை

இலவம்பஞ்சு முதலில். போடிப் பக்கத்திலிருந்து வரும் இலவம்பஞ்சில் தைத்த மெத்தையும் தலையணையும் நம் வீடுகளில் இன்னும் இருக்கின்றன. அதன் இழை உள்ளே காற்றும் வெளியே மெழுகுப் பூச்சுமாக இருக்கும். தண்ணீரில் மிதக்கும், ஒரு காலத்தில் உயிர்காக்கும் மிதவைச் சட்டைகளில் அடைத்தது இதைத்தான். ஆனால் நனைத்துப் பிசைந்தால் இழை ஒடிந்து, கட்டியாகி, காய்ந்த பின் பழைய மெத்தென்ற தன்மை வராது. மெத்தை தைப்பவரிடம் கேட்டுப் பாருங்கள், "தண்ணிய மட்டும் காட்டிராதீங்கம்மா, வெயிலே போதும்" என்பார். மாதம் ஒரு வெயில், குச்சியால் லேசாக நாலு தட்டு. பஞ்சு தானாகப் பொங்கி எழும். கறை பட்டால் ஈரத் துணியால் உறையை மட்டும் துடையுங்கள்.

ஜெய்ப்பூர் பக்கத்து ரஜாய் என்ற பருத்திப் பஞ்சுப் போர்வைக்கும் இதே விதி. பட்டு இழை உள்ளதற்கு டிரை கிளீனிங்தான். அதை நேர் வெயிலிலும் போடாமல் நிழலில் காற்றாட விடுங்கள்.

எடுத்து வைத்ததைப் பிரித்தால் அந்துருண்டை நெடி

வாங்கிய பிளாஸ்டிக் பையிலேயே போட்டு, நாலு அந்துருண்டையும் போட்டு, பரணில் ஏற்றுவதுதான் பழக்கம். பிளாஸ்டிக்குக்குள் மிச்ச ஈரம் வெளியேறாது, நெடியும் வெளியேறாது. காற்றை உறிஞ்சித் தட்டையாக்கும் பைகள் இடத்தை மிச்சப்படுத்தும், ஆனால் மாதக்கணக்கில் நசுங்கிக் கிடந்த இறகு பழையபடி எழும்பாது. பழைய வேட்டியிலோ பருத்திச் சேலையிலோ மூட்டை கட்டி வையுங்கள். பூச்சிக்கு வசம்புத் துண்டுகளும் நிழலில் உலர்த்திய வேப்பிலையும் போதும்.

நெடி ஏறிவிட்டால் துவைத்துப் பயனில்லை, காற்றும் வெயிலும்தான் அதை எடுக்கும். மூன்று நான்கு நாள் காலை முதல் மாலை வரை கொடியில் கிடக்கட்டும். பெரியவர்கள் போர்த்துவதற்கு அதன்பின் தயக்கம் வேண்டாம். பச்சைக் குழந்தை உள்ள வீட்டில் மட்டும் விதி வேறு. நாப்தலின் அந்துருண்டையோடு வைத்த துணியைக் குழந்தைக்குப் போர்த்தவே கூடாது. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அந்த நெடியே ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து மஞ்சள் காமாலையில் கொண்டுபோய் விடும். குறைபாடு இருப்பது பல வீடுகளில் முன்கூட்டித் தெரிந்திருக்காது. குழந்தைக்கு என்று வைத்த கம்ஃபர்ட்டரின் மூட்டையில் உருண்டையே போடாமல், மேல்தட்டில் தனியாக வையுங்கள்.